பேசாப் படத்துப் பயில்வான்

புதுக்கோட்டைக்காரர் பி.கே.நாகலிங்கம். கசரத்து செய்து முறுக்கேறிய உடம்பு. ஐரோப்பியப் பயில்வான் யூஜின் சாண்டோவின் புகழ் இந்தியா முழுக்கப் பரவியிருந்த காலம் அது. நாகலிங்கமும் ராஜா சாண்டோ ஆனார். பம்பாய்க்குப் போய் மௌனப் பட நாயகனும் ஆனார். 1926இல் ‘டைப்பிஸ்ட் கேர்ள்’, 1927இல் ‘குணசுந்தரி’ என்று இயக்குநர் சந்துலால் ஷாவின் படங்களில் சுலோச்சனா, கோஹர் போன்ற பெரிய நட்சத்திரங்களோடு நடித்தார்.

தமிழருக்கு அங்கே கதவு திறந்ததற்குக் காரணம், திரையில் மொழி கிடையாது என்பதுதான். வசனம் அட்டையில் வரும். அந்தந்த ஊர் மொழிக்கு அட்டையை மாற்றினால் போதும். நம் பக்கத்து டென்ட் கொட்டகைகளில் எழுத்துத் தெரியாத சனங்களுக்காக, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று அட்டையைப் படித்து, கதையையும் உரக்கச் சொல்லுவார். கோபமா, காதலா என்பதை மட்டும் நடிகனின் கண்ணும் தோளும் காட்டியாக வேண்டும். சாண்டோ கற்றது அந்த வித்தையை.

பிறகு சென்னைக்கு வந்து ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’, ‘அனாதைப் பெண்’ என மௌனப் படங்களை இயக்கினார். 1931இல் ‘காளிதாஸ்’ படம் பேசியது. அதோடு காற்று திசை மாறியது. பாடத் தெரிந்த நாடகக்காரர்களுக்கே மவுசு. மௌனப் பட நாயகர்கள் பலர் காணாமல் போன அந்த நேரத்தில் சாண்டோ கேமராவுக்குப் பின்னால் நின்று பேசும் படங்களையும் இயக்கினார்.

இங்கேதான் நம் சீமை கதைக்குள் வருகிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய பாலர் நாடக சபையில் வளர்ந்தவர் டி.கே.சண்முகம். அவரும் உடன்பிறந்தவர்களுமான டி.கே.எஸ். சகோதரர்கள் 1935இல் ‘மேனகா’வைப் படமாக்கியபோது இயக்கியவர் ராஜா சாண்டோ. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரல் எடுத்துப் பழகிய பிள்ளைகள் ஒரு பக்கம். வாயே திறக்காமல் பெயர் வாங்கிய மனிதர் மறு பக்கம். பெரும்பாலும் புராணக் கதைகளே ஓடிக்கொண்டிருந்த தமிழ்த் திரையில் ‘மேனகா’ ஒரு சமூகக் கதை, அதுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை மக்கள் திரையில் முதலில் பார்த்ததும் அதில்தான். நாடக மேடையும் மௌனப் படமும் கலந்த இந்தச் சந்திப்பைத் தமிழ் சினிமாவின் பெரிய திருப்பம் என்றே நான் சொல்லுவேன்.

1939இல் தியாகராஜ பாகவதர் நடித்த ‘திருநீலகண்டர்’ இவர் இயக்கியது. ‘சிவகவி’யையும் இவரே தொடங்கினார், கருத்து வேறுபாட்டால் விலக, ஸ்ரீராமுலு நாயுடு முடித்தார். படம் வெளிவந்த 1943ஆம் ஆண்டிலேயே சாண்டோ காலமானார். தமிழக அரசு அவர் பெயரில் விருது வைத்திருக்கிறது. அவர் இயக்கிய தமிழ் மௌனப் படங்களில் ஒன்றின் பிரதிகூட மிஞ்சவில்லை.