விளம்பரமா, படைப்பா?
சுயாதீனத் திரைப்படங்களும் இணையத்தள வடிவமைப்பாளரும் (1998 – 2001)

ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அக்கலைப் படைப்புகளையே நோக்குவர். அவற்றை மக்களிடம் கொண்டுசென்ற சாதனங்களை நோக்குவோர் மிகச் சிலரே. திரைப்பட வரலாறும் இதற்கு விதிவிலக்கன்று. இயக்குநர், நடிகர், ஒளிப்பதிவாளர் ஆகியோரின் பெயர்கள் நிலைபெற, சுவரொட்டி வரைந்தவரும் துண்டுப்பிரசுரம் அச்சிட்டவரும் பெயரின்றி மறைந்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் இவ்வரிசையில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அவரே இணையத்தள வடிவமைப்பாளர். அவரைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட விளம்பரத் தொழிலாளராகக் கொள்வதா, அன்றிப் படைப்பில் பங்காளியாகக் கொள்வதா என்னும் வினாவை, அமெரிக்கச் சுயாதீனத் திரைப்படங்கள் சிலவற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரும் படப்பிடிப்பு நிறுவனங்களின் முதலின்றி எடுக்கப்படுவதே சுயாதீனத் திரைப்படம். அதனை எடுத்து முடிப்பதிலும் பார்க்க, அப்படியொரு படம் உண்டென்பதை மக்களுக்கு அறிவிப்பதே பெருந்தொல்லையாக இருந்தது. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரஞ் செய்யும் செலவு, படத்தின் செலவையே பன்மடங்கு விஞ்சிவிடும். டரன் அரொனொவ்ஸ்கி 1998 இல் வெளியிட்ட ‘பை’ என்னும் படம் ஏறத்தாழ 60,000 டொலர் செலவில் உருவானது. உறவினரிடமும் நண்பரிடமும் நூறு நூறு டொலராகத் திரட்டிய பணமும் அதிலடங்கும். நியூயோர்க் வீதிகளிலே அப்படத்தின் பெயரான கணிதக் குறியீட்டை வர்ணத்தால் பதித்து மக்களின் கவனத்தை ஈர்த்தனர். பணமில்லாதோர் வீதியைத் தேடிய அதே காலத்தில் இணையம் இன்னொரு வீதியாகத் திறந்துகொண்டது.

இணையத்தை முதலிற் பயன்படுத்தியோருள் பெரு நிறுவனங்களும் இருந்தன. வோர்னர் பிறதர்ஸ் நிறுவனம் 1996 இல் ‘ஸ்பேஸ் ஜாம்’ படத்துக்கென அமைத்த தளம் இதற்குத் தக்க உதாரணமாகும். எனினும் அத்தகைய தளங்கள் படத்தைப் பற்றிய செய்திகளையும் படங்களையும் விளையாட்டுகளையும் தொகுத்தளித்த விளம்பரப் பக்கங்களாகவே அமைந்தன. படத்தின் கதையுலகம் தளத்திற்குள் விரிவடையவில்லை.

இந்நிலையை மாற்றியது 1999 இல் வெளிவந்த ‘த பிளேயர் விச் புறொஜெக்ற்’ ஆகும். டானியல் மைறிக், எட்வார்டோ சான்செஸ் ஆகிய இருவரும் 1997 இல் மேரிலாந்துக் காடுகளில் எட்டு நாட்களிற் படம்பிடித்த இக்கதையில், ஆவணப்படம் எடுக்கச் சென்ற மாணவர் மூவர் காணாமற் போகின்றனர். 1998 இல் இதற்கான இணையத்தளத்தை அமைத்தவர் சான்செஸே. இங்கு வடிவமைப்பாளரை அமர்த்தும் தேவையே எழவில்லை, இயக்குநரே வடிவமைப்பாளர். அக்காட்டைப் பற்றிய கற்பனைப் பழங்கதையை உண்மை வரலாறு போலவே அத்தளம் முன்வைத்தது. 1999 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவிற் படத்தைப் பார்த்த ஆர்ட்டிசன் நிறுவனம், ஏறத்தாழ 11 இலட்சம் டொலருக்கு அதனை வாங்கித் தளத்தையும் விரிவுபடுத்தியது. உலகெங்கும் அப்படம் ஈட்டிய வசூல் ஏறத்தாழ 248 மில்லியன் டொலராகும்.

இவ்வெற்றியைக் காட்டி, ‘செலவில்லாத ஓர் இணையத்தளம் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது’ என்று கூறும் மரபொன்று உண்டு. வரலாற்று மாணவர் இதனை அவ்வாறே ஏற்றல் பொருந்தாது. ஆர்ட்டிசன் நிறுவனம் விளம்பரத்துக்குப் பல மில்லியன் டொலரைச் செலவிட்டதுடன், கதையை மெய்யெனக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றும் ஒளிபரப்பாகியது. மேலும், அவ்விளம்பரத்துக்கு ஒரு மனித விலையும் இருந்தது. நடிகர் மூவரும் தத்தம் சொந்தப் பெயரிலேயே நடித்தனர்; அப்பெயருடையோர் இறந்துவிட்டதாக நம்பவைப்பதே விளம்பரத்தின் உயிர்நாடியாயிற்று. நடிகையின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்து சேர்ந்தன. உரிய ஊதியம் கிட்டவில்லை என்று அம்மூவரும் 2024 இலும் பகிரங்கமாக முறையிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

வடிவமைப்பாளரை அமர்த்தும் முறை தெளிவாகத் தோன்றுவது அடுத்த கட்டத்திலாகும். அரொனொவ்ஸ்கி தமது இரண்டாவது படமான ‘றெக்குயம் போர் எ ட்றீம்’ (2000) என்பதற்கு, இலண்டனில் 1999 இல் தொடங்கப்பட்ட ‘ஹை-றெஸ்’ என்னும் சிறு வடிவமைப்பகத்தை நாடினார். அலெக்சாண்ட்ரா யுகோவிச், புளோரியன் ஷ்மிற் ஆகியோர் அதன் நிறுவுநர். அவர்கள் வர்த்தக நோக்கமின்றிப் பரிசோதனையாக அமைத்திருந்த ‘சோல்பாத்’ என்னும் தளமே இயக்குநரை ஈர்த்தது. விளம்பரத் திறனைக் கண்டன்றிக் கலைத்திறனைக் கண்டே அவர்கள் அழைக்கப்பட்டனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. படம் போதைக்கு அடிமையானோரின் சிதைவைக் கூறுவது. தளமும் கவர்ச்சியான வர்த்தக விளம்பரம் போலத் தொடங்கிப் பார்ப்போர் கண்முன்னே படிப்படியாகச் சிதைந்து சென்றது. கதையை எடுத்துரையாது, கதையின் அனுபவத்தையே அது தந்தது.

அதே வடிவமைப்பகம் றிச்சட் கெலியின் ‘டொனி டார்க்கோ’ (2001) படத்துக்கு அமைத்த தளம் இன்னும் ஒருபடி முன்சென்றது. பார்ப்போர் மறைசொற்களைக் கண்டறிந்து ஒவ்வொரு நிலையாகக் கடக்க வேண்டியிருந்தது. படம் முடிந்தபின் பாத்திரங்களுக்கு நேர்ந்தவற்றையும் அங்கு அறியலாம். கதையில் வரும் கற்பனை நூலின் பகுதிகளும் தளத்தில் இடம்பெற்றன. 2004 இல் வெளியான இயக்குநர் பதிப்பில் அந்நூலின் பகுதிகள் திரையிலேயே காட்டப்பட்டன. துணைப் பொருளாக இருந்தது மூலப் படைப்பினுட் புகுந்துகொண்டது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். விளம்பரத்தின் பயன் வசூலன்றோ? அவ்வளவுகோலால் அளப்பின் இத்தளங்கள் வெற்றியெனக் கூறுதல் அரிது. ஏறத்தாழ 45 இலட்சம் டொலரில் உருவான ‘டொனி டார்க்கோ’ அமெரிக்கத் திரையரங்குகளில் முதன்முறை ஓடியபோது ஏறத்தாழ 5 இலட்சம் டொலரையே ஈட்டியது. படத்துக்குப் பெரும் இரசிகர் கூட்டம் பிற்காலத்திலேயே திரண்டது. ஆனால் இத்தடையே எமது கருத்துக்கு அரணாகின்றது. விற்பனைக் கருவியாக அன்று பெரும்பயன் தராத ஒன்று பல்லாண்டு கழித்தும் நினைக்கப்படுமாயின், அதன் பெறுமதி விற்பனைக்கு அப்பாற்பட்டதாதல் வேண்டும்.

எனினும் அப்பெறுமதிக்கேற்ற பாதுகாப்பு அவற்றுக்குக் கிட்டவில்லை. இவ்விரு தளங்களும் ‘பிளாஷ்’ என்னும் மென்பொருளால் ஆக்கப்பட்டவை. அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31 உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. சாதாரண முறையில் எழுதப்பட்ட ‘ஸ்பேஸ் ஜாம்’ தளமோ, 2021 இல் அடுத்த படம் வெளிவந்தபோதும் தனி முகவரியிற் பேணப்பட்டது. செல்வமுடைய நிறுவனத்தின் எளிய அறிவித்தல் உயிர்வாழ, சிறியோரின் நுண்ணிய படைப்பு இயங்குந் தளத்தையே இழந்தது. 1996 இல் நிறுவப்பட்ட இணைய ஆவணகம், பழைய பிளாஷ் ஆக்கங்களை மீள இயக்கும் முயற்சியை 2020 நவம்பரில் தொடங்கியமை ஓர் ஆறுதல். ஆயினும் அங்கு யாரேனும் கொண்டுசேர்த்தவையே மீளும், சேர்க்கப்படாதவை மீளா.

இதுவரை நோக்கியவற்றால் ஓருண்மை பெறப்படுகின்றது. பணிக்கு அமர்த்தப்பட்டவர் என்பதனால் ஒருவர் படைப்பாளி அல்லர் என்றாகிவிடாது. ஒளிப்பதிவாளரும் இசையமைப்பாளருங்கூட ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டவரே. அவர்களுக்குப் பெயர்ப்பட்டியலில் இடந்தந்த வரலாறு, தளம் அமைத்தவருக்கும் இடந்தருதல் முறையாகும். படத்துக்குத் தளம் அமைப்பிப்போர், ஊதியத்தைப் பேசும்போதே பெயரையும் பிரதியைப் பேணும் பொறுப்பையும் பேசி முடிவுசெய்தல் வேண்டும். விளம்பரமென்று ஒரு தலைமுறை வீசியெறிந்ததையே அடுத்த தலைமுறை சான்றெனத் தேடுகின்றது. தேடுங்கால் அது கையிற் கிடைக்குமா என்பதே எம்முன் உள்ள வினா.