வலுசர்ப்பத்தின் மண்டையோடு



ஒஸ்திரியா நாட்டின் தென்பகுதியிலே கிளாகன்பூர்ட் என்றொரு நகர் உண்டு. அந்நகரின் சதுக்கத்திலே, கல்லிற் செதுக்கிய வலுசர்ப்பம் ஒன்று வாயைப் பிளந்து நிற்கின்றது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனை வடித்த சிற்பி, தலையை வெறுங் கற்பனையால் அமைத்தானல்லன். 1335ஆம் ஆண்டளவிற் கண்டெடுத்ததாகக் கூறப்படும் பெரிய மண்டையோடு ஒன்று அந்நகரிற் பேணப்பட்டு வந்தது. முன்னோர் கதையில் வந்த வலுசர்ப்பத்தின் தலை அதுவே என மக்கள் நம்பினர். சிற்பி அதனையே மாதிரியாகக் கொண்டான். 1840ஆம் ஆண்டிலே உங்கர் என்னும் தாவரவியலறிஞர் அதனை நோக்கி, அது மறைந்தொழிந்த கம்பளிக் காண்டாமிருகத்தின் மண்டையோடு எனத் தெளிந்தார். எலும்பு என்றும் ஒன்றே. அதனை வாசிக்கும் கல்வி கைவர ஐந்நூறு ஆண்டுகள் சென்றன.

காண்டாமிருகத்தின் கொம்பு எலும்பாலானதன்று. நமது நகமும் மயிரும் எப்பொருளாலாயினவோ, அப்பொருளாலானது. ஆதலின் அது மண்ணில் விரைவில் அழிந்துவிடும். மண்டையோட்டில் எஞ்சும் கரடுமுரடான தழும்பே கொம்பு இருந்தமைக்குச் சான்று. உறைபனி மூடிய சைபீரியாவிலோ கொம்புகளும் அழியாது கிடைத்தன. அவற்றைக் கண்டோர் சிலர், பூதாகாரமான பறவையொன்றின் நகங்கள் எனக் கருதினர்.

1771ஆம் ஆண்டில் வில்யுய் ஆற்றங்கரையிலே ஒரு காண்டாமிருகத்தின் உடல் வெளிப்பட்டது. அதன் தலையையும் கால்களையும் மறு ஆண்டிலே இயற்கை அறிஞர் பல்லாஸ் கண்டார். தோலில் மயிரும் ஒட்டியிருந்தது. வெப்ப நாட்டு விலங்கு பனிநாட்டிற்கு வந்தது எவ்வாறு? பெருவெள்ளமொன்று தெற்கிலிருந்து அடித்து வந்திருக்கலாம் என அவர் எண்ணினார். ஆயின் விடை அம்மயிரிலேயே இருந்தது. குளிரைத் தாங்கும் போர்வையுடன் அவ்விலங்கு அங்கேயே வாழ்ந்தது. 1929இல், இன்றைய உக்ரேனிலுள்ள ஸ்தாருனியாவில், உப்பும் எண்ணெயும் ஊறிய சேற்றிலிருந்து ஏறக்குறைய முழு உடலே கிடைத்தது. அது போலந்தின் கிராக்கோவ் நகர நூதனசாலையில் உள்ளது.

இவ்வுயிர்ச்சுவடுகள் கூர்ப்பின் கதையையும் விளக்குகின்றன. ஆதிக் காண்டாமிருகங்கள் பலவற்றிற்குக் கொம்பே இல்லை. பலுசிஸ்தானத்தில் எச்சங்கள் கிடைத்து, 1911இல் பாரசெராதீரியம் எனப் பெயர் பெற்ற உறவு விலங்கு, தோள்வரை ஏறத்தாழ ஐந்து மீற்றர் உயர்ந்தும் கொம்பற்றதாகவே இருந்தது. கம்பளிக் காண்டாமிருகத்திற்கு இன்று வாழ்வனவற்றுள் நெருங்கிய உறவினம் சுமாத்திராக் காண்டாமிருகமாகும்.

நமது இலங்கையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. இரத்தினபுரியில் மாணிக்கக் கற்களுக்காகத் தோண்டிய குழிகளிலிருந்து யானை, நீர்யானை ஆகியவற்றோடு காண்டாமிருகத்தின் எச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தவர் கொழும்பு நூதனசாலையின் தலைவராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல ஆவார். இன்று இத்தீவின் காடுகளில் அவ்விலங்கு ஒன்றேனும் இல்லை.

கம்பளிக் காண்டாமிருகம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. மனிதர் சைபீரியாவை அடைந்தபின்னும் அது நெடுங்காலம் குறைவின்றி வாழ்ந்தது என 2020இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. ஆதலின், காலநிலை வெப்பமடைந்ததே அதன் அழிவிற்குப் பெருங்காரணமாயிருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர்.

இன்று எஞ்சியிருப்பவை ஐந்து இனங்களே. அவற்றுள் வெள்ளைக் காண்டாமிருகத்தின் வடபுலக் கிளையில், கடைசி ஆண் 2018இல் கெனியாவில் இறந்தது. அக்கிளை அருகியதற்குக் காரணம் பனியோ வெயிலோ அன்று. கொம்பை விரும்பிய மனிதனின் வேட்டையே. அன்று மனிதன் அறியாமையால் காண்டாமிருகத்தை வலுசர்ப்பம் என்றான். அதனால் அவ்விலங்கிற்குத் தீங்கேதும் நேரவில்லை. யாவும் அறிந்த இன்றோ அதனைக் காக்கத் தவறுகின்றான். வருங்காலத்தார் நம் காலத்து எலும்புகளை வாசிக்கும்போது, இதனையும் வாசிப்பர்.