ஒரு மதிப்பெண் வினா

 

போன வாரம் ஒரகடம் கூட்டுரோட்டில், எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் தம்பி கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தான். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி நீட்டினான். "கேளுங்க சார், அறிவு பாடினது."

2024-இல் வெளிவந்த 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பம். ராப் பாட்டு. அந்த வேகத்தில் பாதி வார்த்தைகள் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் தலைப்பு பிடித்துக்கொண்டது.

அறிவு நம் பக்கத்து அரக்கோணத்துப் பிள்ளை. 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி'யால் உலகறிந்தவர். வள்ளியம்மாள் அவருடைய பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். இவ்வளவு பெயர் வாங்கிய பிறகும், 'நான் இன்னாரின் பேரன்' என்பதையே ஆல்பத்துக்குத் தலைப்பாக்கியிருக்கிறார்.

அந்தப் பெயருக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டு ஏழைகளைக் கொண்டுபோனார்கள். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பண்டபாத்திரம் பிரிப்பதுபோல! பலர் அங்கேயே பிறந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, திக்குக்கு ஒருவராகப் போனார்கள். அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்'.

இத்தனையும் எனக்குத் தெரியும். வரலாற்று ஆசிரியர் அல்லவா! வகுப்பில் இதை ஒரு மதிப்பெண் வினாவாகத்தான் நடத்தினேன். ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், எங்க ஆயா அந்தக் கப்பல்லதான் வந்தாங்க" என்றான்.

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். புத்தகத்தில் இருந்த எண்ணிக்கையில் ஒருத்தியின் பேரன் என் முன்னால் நின்றிருக்கிறான். வரலாறு எழுந்து பேசியபோது, வரலாற்று வாத்தியார் அதை உட்காரவைத்துவிட்டேன்.

அன்று அவனைப் பேச விட்டிருந்தால், நாற்பது பிள்ளைகள் அந்த ஒப்பந்தத்தை ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டார்கள். அறிவு யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, பாடிவிட்டார்.

தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் வீட்டுக்கு வா. உன் ஆயா கதையைச் சொல். இந்த முறை நான் உட்கார்ந்து கேட்கிறேன்.