ஸ்டவ் வெடித்த காலம்

எண்பதுகளில் தினசரி வாசித்தவர்களுக்கு அந்தச் செய்தி பழக்கமானது. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு.’ உள்பக்கத்தில், ஓரத்துப் பத்தியில், நாலே வரி. அதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டவ்வைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. “கல்யாணம் ஆகி எத்தனை வருஷமாம்?” என்றுதான் கேட்பார்கள்.

விபத்துச் சாவுகளுக்கென்று இந்தியாவில் ஒரு தேசியக் கணக்கு உண்டு. 1967ஆம் ஆண்டிலிருந்து தொகுக்கப்படுகிறது. இன்று அதை வெளியிடுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். விபத்துச் சாவுகளும் தற்கொலைகளும் ஒரே நூலில் வரும். கொலையும் வரதட்சணைச் சாவும் வேறு நூலில், குற்றக் கணக்கில். ஆக, தீயில் வெந்து இறந்த ஒரு பெண் இந்த இரண்டில் எந்த நூலுக்கும் போகலாம். பெரும்பாலும் அதை முடிவு செய்தது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே எழுதப்பட்ட மரண வாக்குமூலம். “சமைக்கிறப்ப சேலையில தீப்பிடிச்சிருச்சு” என்று அவள் சொல்லிவிட்டால் விபத்து. வேறென்ன சொல்வாள்? பிள்ளைகள் இனி அந்த வீட்டில்தானே வளர வேண்டும்.

பம்பு ஸ்டவ் சாதுவான சாமான் என்று சொல்லவரவில்லை. காற்றடித்து கிருஷ்ணாயிலை மேலேற்றி எரிப்பது அது. பர்னர் சரியாகச் சூடேறாவிட்டால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீய்ச்சி ஆளுயரத்துக்குச் சுவாலை எழும். தரையில் குந்திச் சமைக்கிறவள் உடம்பில் நைலக்ஸ் சேலை வேறு. எரிந்து உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விபத்துகள் நடந்தன, நிஜமாகவே நடந்தன. அதனால்தான் அந்தப் பொய்யை நம்ப முடிந்தது.

2009இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2001ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000க்கு மேல் என்று அது மதிப்பிட்டது. போலீஸ் கணக்கைப்போல ஆறு மடங்கு. இறந்தவர்களில் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 34 வயதுக்குட்பட்டவர்கள். மாமியாரும் அதே அடுப்படியில்தான் புழங்கினார். தீ மட்டும் வயது பார்த்துப் பிடித்ததா என்ன?

சட்டம் இதைக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டது. 1983இல் கணவன் வீட்டார் கொடுமை தனிக் குற்றமானது. 1986இல் வரதட்சணைச் சாவு என்ற பிரிவு வந்தது. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் கோட்டாட்சியர் விசாரிப்பார். ‘ஆர்டிஓ விசாரணை’ என்ற சொல் செய்தியின் கடைசி வரியில் நிரந்தரமாகக் குடியேறியது இப்படித்தான்.

இப்போது அந்த விபத்து நூலைப் புரட்டினால் கண்ணில் அறைவது சாலை. 1970இல் சாலையில் செத்தவர்கள் சுமார் 14,500 பேர். 2022இல் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். தீ விபத்துச் சாவுகளோ 2015இல் 17,700ஆக இருந்து 2022இல் 7,435ஆக இறங்கியிருக்கின்றன. காஸ் அடுப்பு கிராமம்வரை போய்விட்டது, ரேஷனில் மண்ணெண்ணெய் சுருங்கிவிட்டது, பம்பு ஸ்டவ் பழைய பித்தளைக் கடையில் கிடக்கிறது. வெடிப்பதற்கு ஸ்டவ் இல்லை. வரதட்சணைச் சாவுகள் மட்டும் குற்ற நூலில் இன்னமும் ஆண்டுக்கு 6,000க்கு மேல் பதிவாகின்றன.