மூன்று முறை போன வேலை

2020 ஜூலையில் எனக்கு வேலை போனது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம். பெயர் இங்கே முக்கியமில்லை. ஜூம் அழைப்பில் பத்து நிமிடம் பேசினார்கள். கடைசியில் அந்த அம்மா சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது: "புராஜெக்ட் திரும்ப வந்தா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவோம்." வாடகை வீட்டைக் காலி செய்து, மடிக்கணினியும் இரண்டு பைகளுமாக வ. புதுப்பட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊரின் 'வ' வத்திராயிருப்பைக் குறிக்கும். மேற்கே மலை, அதன் அடியில் பிளவக்கல் அணை, அங்கிருந்து இறங்கி வந்தால் தென்னந்தோப்பும் வயலும். வெளியே போனவன் திரும்பி வந்தால் ஊர் ஒரு வாரத்துக்கு லீவு என்று நினைக்கும். இரண்டாவது வாரம் "எப்பப்பா கிளம்புற?" என்று கேட்கும். மூன்றாவது வாரத்திலிருந்து கேட்பதை நிறுத்திவிடும். அந்த மூன்றாவது வாரம்தான் கஷ்டம். நான் டீக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டு, சாயங்காலமானால் மாமா வீட்டுக்கு சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தேன்.

அம்மாவின் கடைசித் தம்பி அவர். பக்கத்துக் கிராமம். விஷயத்தைச் சொன்னதும் அவர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, காரணத்தையும் கேட்கவில்லை. "திரும்பக் கூப்பிடுறேன்னு சொன்னானா?" என்றார்.

"ஆமா மாமா. புராஜெக்ட் வந்தா கூப்பிடுறேன்னாங்க."

"அப்பச் சரி. நீ வேற வேலை தேட மாட்ட மாப்ள."

எரிச்சலாக இருந்தது. ஆனால் உண்மை. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒன்றரை மாதம் ஒரு விண்ணப்பமும் அனுப்பாமல்தான் இருந்தேன். மாமாவுக்கு அது தெரிந்ததற்குக் காரணம் உண்டு. அவர் மக்கள் நலப் பணியாளராக இருந்தவர். ஒரே வேலையை மூன்று முறை இழந்தவர்.

இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பதவியின் பெயரே தெரியாமல் இருக்கலாம். 1989-இல் திமுக ஆட்சிக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த கிராமத்து இளைஞர்களுக்காக ஊராட்சிக்கு இரண்டு பேர் என்று 25,234 பேரை நியமித்தார்கள். கிராம ஊராட்சிகளுக்கான வேலை அது. எங்கள் புதுப்பட்டி பேரூராட்சி என்பதால் இங்கே கிடையாது, பக்கத்துக் கிராமத்து மாமாவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 21 வயது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்த அட்டையை மூன்று வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதைத் தவிர அரசாங்கத்தோடு வேறு சம்பந்தம் இல்லாதவர் திடீரென்று ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தார். தெருவிளக்கு எரியவில்லையா, குழாயில் தண்ணீர் வரவில்லையா, கணக்கெடுக்க ஆள் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் வயசான ஆட்களே அவரை 'சார்' என்று கூப்பிட்டார்கள்.

1991 ஜூனில் அதிமுக ஆட்சி வந்தது. ஜூலையில் அத்தனை பேரும் வெளியே. 1996-இல் மறுபடி திமுக, 1997 பிப்ரவரியில் மறுபடி வேலை. 2001 மே மாதம் அதிமுக, ஜூன் மாதமே வேலை போனது. 2006-இல் திமுக, ஜூனில் வேலை. 2011-இல் அதிமுக, நவம்பர் 8-ஆம் தேதி ஓர் அரசாணை. அப்போது வேலை இழந்தவர்கள் சுமார் 13,500 பேர். கட்சிக்காரர்களுக்குக் கொடுத்த வேலை என்று ஒரு தரப்பும், ஏழைகள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று இன்னொரு தரப்பும் சொல்லும். முதல் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படியே இருந்தாலும், தேர்வு முறையைத் திருத்துவது ஒன்று, ஆட்சி மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான அடுப்புகளை அணைத்து ஏற்றுவது வேறொன்று.

தமிழ்நாட்டு கிராமம் இதற்கு முன்பும் மொத்தமாக வேலை போனதைப் பார்த்திருக்கிறது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டு கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. பரம்பரை வாசனை போகாத பதவிகள் அவை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் சாதாரண ஆட்களானார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பதவியை ஒழிப்பது அரசின் கொள்கை முடிவு, அது தண்டனை ஆகாது என்று 1982-இல் தீர்ப்பு வந்தது. அவர்கள் இடத்தில் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். அதிலும் வலி இருந்திருக்கும். ஆனால் கதவு ஒரேயடியாக மூடியது. மூடியது என்று தெரிந்ததும் நிலம் இருந்தவர் நிலத்தைப் பார்த்தார், தகுதி இருந்தவர் புதிய வேலைக்கு மனுப் போட்டார்.

மூடித் திறந்து மூடும் கதவின் சங்கதி வேறு. சாலைப் பணியாளர்கள் கதையும் அந்த வகை. 1997-இல் பத்தாயிரம் பேரை எடுத்தார்கள். 2002 செப்டம்பரில் நீக்கினார்கள். 2006 தேர்தலுக்கு முன்னால், பிப்ரவரியில், நீக்கிய அரசே திரும்ப எடுத்தது. இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் அதற்குப் பிறகும் வருசக்கணக்காகப் போராடினார்கள். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நீக்கப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, பணி விதிகள் இருந்தன. பெரும்பாலோர் சீக்கிரமே உள்ளே போய்விட்டார்கள். மக்கள் நலப் பணியாளருக்கு இருந்த ஒரே பணி விதி அடுத்த சட்டமன்றத் தேர்தல்.

வேலை இல்லாத வருசங்களில் மாமா என்ன செய்தார்? ஒன்றைச் சொன்னால் இன்னொன்று விட்டுப்போகும். முதல் முறை போனபோது சுந்தரபாண்டியத்தில் தறிக்குப் போனார். கை பழகி நல்ல நெசவாளி ஆகிற நேரத்தில் 1997 வந்தது. தறியை விட்டார். இரண்டாவது முறை சத்திரப்பட்டிக்குப் போய் பேண்டேஜ் துணி ஓட்டும் விசைத்தறியில் நின்றார். தறிக்காரர் கூட்டுக்குச் சேரச் சொன்னார். "தேர்தல் முடியட்டும்"னு பதில் சொன்னாராம். 2006-இல் அதையும் விட்டார். அந்த முறை வேலை நிறையவே இருந்தது. 2008-இல் நூறுநாள் வேலை எங்கள் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. வருகைப் பதிவேடு, வேலை நடக்கும் இடம் என்று வெயிலில் அலைந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும்.

மூன்றாவது முறை போனபோது அவருக்கு 43 வயது. 'ஐந்து வருசம்தானே' என்று நினைத்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2014 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் காலிப் பணியிடங்களில் அவர்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னது. வெடி போடாத குறைதான் என்றாள் அத்தை. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2016 தேர்தலில் ஆட்சி மாறவில்லை. கணக்கு முதல்முறையாகத் தப்பியது.

அந்தப் பத்து வருசம் குடும்பத்தை ஓட்டியது அத்தைதான். விடியற்காலையில் வரும் கம்பெனி பஸ்ஸில் சிவகாசிப் பட்டாசு ஆலைக்குப் போவாள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை இல்லை, இரண்டுக்கும் நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அத்தை ஒரு காரியம் செய்தாள். காதில் கிடந்ததை அடகு வைத்து, அமாவாசைக்குச் சதுரகிரி போகிற கூட்டத்துக்காக தாணிப்பாறைப் பாதையில் இட்லிக் கடை போட்டாள். ஆலை திறந்த பிறகும் திரும்பப் போகவில்லை. "கூப்பிடத்தான் செஞ்சாங்க. எனக்கு இங்கன கூட்டம் இருக்குன்னுட்டேன்" என்றாள். மாமா இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி மூன்று விண்ணப்பம் அனுப்பினேன். நான்கு மாதம், நாற்பதுக்கும் மேல் அனுப்பியிருப்பேன். கடைசியில் மதுரையில், பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வேலை கிடைத்தது. பழைய நிறுவனம் கூப்பிடவே இல்லை.

மாமாவைக் கூப்பிட்டார்கள். 2021-இல் ஆட்சி மாறியது. 2022-இல் அரசாணை வந்தது: விருப்பம் உள்ளவர்கள் வேலை உறுதித் திட்டப் பணி ஒருங்கிணைப்பாளராகச் சேரலாம், மதிப்பூதியம் மாதம் 7,500 ரூபாய். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது.

மனு எழுத என்னைத்தான் கூப்பிட்டார். பழைய காகிதங்களை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். 1989 முதல் 91, 97 முதல் 2001, 2006 முதல் 11. கூட்டிப் பார்த்தேன், மொத்தம் பதினொன்றரை வருசம். காத்திருந்தது இருபத்தொரு வருசத்துக்கு மேல். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத கணக்கு இல்லை.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏழாயிரத்து ஐந்நூறுக்கு இந்த வயசுல வெயில்ல போய் நிக்கணுமாக்கும். மாசத்துல நாலு நாள் கடையில நின்னாப் போதும்."

"நான் என்ன காசுக்கா போறேன்?" என்றார் மாமா.

"பின்ன எதுக்காம்?"

அவர் பதில் சொல்லாமல் என் பக்கம் காகிதத்தை நகர்த்தினார். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டினேன். போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அமாவாசை அன்னிக்கு மட்டும் லீவு கேட்டு எழுதலாமா மாப்ள?" என்றார்.