மலிவுப் பதிப்பின் வேலி

பழைய கணினிக்குக் கூடுதல் நினைவகம் தேடித் தாம்பரத்தில் மின்ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போகும் சேலையூர்க்காரர்கள் நாம், அட்டையின் அளவை மட்டுமே கேட்போம். இயங்குதளத்தின் பதிப்பையும் பார்த்தாக வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு.

32 பிட் முகவரி 4 ஜிபிக்கு மேல் சுட்டாது. அது கணக்கு, அதனோடு நமக்குப் பிணக்கில்லை. இன்னொரு வரம்போ விலைப்பட்டியலில் பிறந்தது. வளரும் நாடுகளுக்கென மைக்ரோசாஃப்ட் 2004இல் அறிவித்த விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர், இந்தியாவுக்கு இந்தியில் வந்தது. ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க விடாது. 512 எம்பிக்கு மேல் பொருத்தினாலும் பயன்படுத்தாது. விஸ்டா ஸ்டார்ட்டருக்கு வரம்பு 1 ஜிபி. 2009இல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கு 2 ஜிபி. அட்டையில் பழுதில்லை, பயாஸும் முழு அளவையே சொல்லும். மலிவுப் பதிப்பு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும். மேற்பதிப்புக்குப் பணம் கட்டினால் அதே அட்டை தெரியவரும். வாங்கிய பொருளுக்கே இரண்டாம் முறை விலை! இதை வணிகத் தந்திரம் என்பதன்றி வேறென்ன சொல்ல?

சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸில் இத்தகைய பதிப்பு வேலி இல்லை. தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் அருகருகே இருந்தன. எதைத் தொடங்குவதென்று மாணவரே தேர்ந்துகொள்ளலாம்.