சிவசமுத்திரத்திலிருந்து வந்த கரண்ட்

கோலார் தங்கவயலைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘ஆசியாவிலேயே முதலில் கரண்ட் வந்த ஊர்’ என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். அது கொஞ்சம் மிகை. டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் 1897-லேயே நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. தங்கவயல் கரண்டின் பெருமை அது கடந்து வந்த தூரத்தில் இருக்கிறது. 1902 ஜூன் இறுதியில் காவிரியின் சிவசமுத்திர அருவியடியில் கிளம்பிய மின்சாரம், 92 மைல் (ஏறத்தாழ 148 கிலோமீட்டர்) கம்பிவழி ஓடிச் சுரங்கங்களை எட்டியது. அன்று உலகில் இருந்த மிக நீண்ட மின்பாதைகளில் அதுவும் ஒன்று.

கரியும் விறகும்தான் அந்த மின்பாதையைப் பிறக்க வைத்தன. 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் சுரங்கங்கள் ஆழம் போகப் போக, தண்ணீர் இறைக்க, பாறையை மேலே தூக்க, அதை இடித்து மாவாக்க நீராவி இயந்திரங்கள் பெருகின. கரி வெகு தொலைவிலிருந்து ரயிலில் வரவேண்டும். விறகுக்குப் பக்கத்துக் காடுகள் தேய்ந்தன. அப்போது மைசூர் அரசில் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்த ஜோலி டி லோட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர், காவிரி அருவியின் விசையைக் கம்பியில் ஏற்றித் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்றார். திவான் சேஷாத்ரி ஐயர் அதற்குத் துணை நின்றார். இவ்வளவு தூரத்துக்கு மின்சாரம் போய்ச் சேருமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. லோட்பினியர் ஐரோப்பா, அமெரிக்கா சென்று விசாரித்து வந்தார். டர்பைன்கள் சூரிச் நகரத்து எஷர் விஸ் நிறுவனத்திலிருந்தும், மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்தும் கப்பலேறின. ரயில் நின்ற இடத்திலிருந்து அருவிவரை அவற்றை மாடுகளும் யானைகளும் இழுத்தன. ஆனால் கரண்ட் ஓடியதைப் பார்க்கச் சேஷாத்ரி ஐயர் உயிரோடு இல்லை, 1901-லேயே காலமாகிவிட்டார்.

அருவியடியில் ஏறத்தாழ 400 அடி உயரத்திலிருந்து குழாயில் இறங்கிய தண்ணீர் டர்பைனைச் சுழற்றியது. முதலில் ஆறு ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றும் 720 கிலோவாட். குறைந்த அழுத்தத்தில் அனுப்பினால் வழியிலேயே பெரும்பகுதி வெப்பமாகக் கரைந்துவிடும் என்பதால், டிரான்ஸ்பார்மர்கள் மின்னழுத்தத்தை 30,000 வோல்ட் அளவுக்கு உயர்த்தின. சுரங்கங்களுக்கென்று ஒப்பந்தமான 4,000 குதிரைத்திறனைச் சுமந்த அந்தக் கரண்ட், பெங்களூர் நகரத்துக்கு விளக்கேற்றும் முன்பே தங்கவயலுக்குப் போய்விட்டது. பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான்.

சுரங்கத்துக்கு வந்த பிறகும் கரண்ட் கரண்டாகவே நிற்கவில்லை. ஒரு பங்கு மோட்டார் வழியே மில்லின் இடி உலக்கைகளைத் தூக்கியது. இன்னொரு பங்கு கம்ப்ரசர்களில் புகுந்து அழுத்தக் காற்றாக மாறிக் குழாய்வழி கீழே இறங்கியது. பாறையில் துளை போட்டது அந்தக் காற்றுதான். டிரில்லிலிருந்து வெளியேறும்போது விரிந்து குளிர்ந்து, வெந்து கிடந்த முனைகளில் வேலை செய்பவருக்குக் கொஞ்சம் மூச்சும் தந்தது. பிற்காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனபோது பாறையே கொதித்தது. குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்ப ஒரு பங்கு கரண்ட் தேவைப்பட்டது. நீர், மின்சாரம், காற்று, குளிர், இடையிடையே பழைய நீராவி: எல்லாம் ஒன்றையொன்று தாங்கி ஓடின. இன்று ஆராய்ச்சியாளர்கள் ‘பல்வகை ஆற்றல் வலையமைப்பு’ என்று கணினியில் வரைவதை, அந்தப் பெயரே இல்லாமல் தங்கவயல் ஓட்டியது.

அந்த வலையமைப்பின் பலவீனம் கோடையில் தெரிந்தது. காவிரியில் வரத்துக் குறைந்தால் டர்பைன் தளரும். ஆனால் சுரங்கத்துக்கு விடுமுறை கிடையாது. பம்பு நின்றால் கீழே தண்ணீர் ஏறிவிடும். தீர்வாகத் தோன்றியது அணை. கண்ணம்பாடியில் ஒரு நீர்த்தேக்கம் கட்டி ஆண்டு முழுவதும் சிவசமுத்திரத்துக்குச் சீராகத் தண்ணீர் விடவேண்டும், கூடவே பாசனமும் செய்யவேண்டும் என்று தலைமைப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா திட்டம் தந்தார். மைசூர் 41.5 டி.எம்.சி. கொள்ளளவு கேட்டது. கீழ்மடையில் இருந்த சென்னை மாகாணம் தஞ்சை டெல்டாவை நினைத்து 11 டி.எம்.சி.க்கு மேல் இசையவில்லை. 1911-ல் வேலை தொடங்கியது, 1914-ல் நடுவர் கிரிஃபினின் தீர்ப்பு வந்தது, மேல்முறையீடு நடந்தது, கடைசியில் 1924 ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன் தொடர்ச்சியாகச் சென்னை மாகாணம் மேட்டூரில் தன் அணையைக் கட்டியது. காவிரி வழக்குக்கு வேர்கள் பல. அவற்றில் ஒன்று தங்கவயல் சுரங்கத்தின் கரண்ட் பசி.

அந்தக் கரண்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுரங்கத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் வடஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். அவர்களில் மிகுதியானோர் தலித் மக்கள். ஒப்பந்தம் பேசியது குதிரைத்திறன் கணக்கில். ஷாஃப்டுகளைச் சுற்றி எழுந்த தொழிலாளர் லைன்களிலும் மூங்கில் தட்டி வீடுகளிலும் விளக்கு எரிவது அந்தக் கணக்கில் வரவில்லை. கம்பி தலைக்கு மேலே போனது. வெளிச்சம் வீட்டுக்குள் வர வெகுகாலம் பிடித்தது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. காவிரி நீரின் விசையால் ஒரு நூற்றாண்டு காலம் இறைத்து வெளியேற்றிய நிலத்தடி நீர், பம்புகள் நின்றதும் மறுபடி ஷாஃப்டுகளில் ஏறியது. சயனைடு கலந்த கழிவு மேடுகளும் வேலை போன குடும்பங்களும் மிஞ்சின.

நூறாண்டுக்கு முன் கோடை கேட்ட கேள்வியை இப்போது வெயில் கேட்கிறது. கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்கா மட்டுமே 2,050 மெகாவாட் திறன் கொண்டது. நடுப்பகலில் கரண்ட் குவிகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லை. மிஞ்சியதை எங்கே வைப்பது? பேட்டரியில் வைக்கலாம், தண்ணீரை மேலே ஏற்றி வைக்கலாம். கைவிட்ட சுரங்க ஷாஃப்டில் பாரத்தைத் தூக்கி வைக்கலாம் என்றும் சில நாடுகளில் முயல்கிறார்கள். 1,000 டன் எடையை 2 கிலோமீட்டர் ஏற்றினால் சுமார் 5,400 யூனிட் சேரும். அதே 5,400 யூனிட்டைத் தண்ணீருக்குள் பாய்ச்சிப் பிரித்தால் ஏறத்தாழ 100 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். கரண்ட் சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்திருந்தால் அதன் பெயர் பசுமை ஹைட்ரஜன்.

ஆனால் அந்த ஹைட்ரஜனைத் திரும்பக் கரண்டாக்கினால் போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். எனவே நேராகக் கம்பியில் போகக்கூடிய இடத்துக்கு ஹைட்ரஜனை அனுப்புவது நட்டம். உரத்துக்கான அம்மோனியா, எஃகு, சுத்திகரிப்பு ஆலை என்று கம்பி மட்டும் போதாத இடங்களே அதற்கு உரியவை. எந்த மணிநேரத்தில் எவ்வளவு கரண்டை நேராக விடுவது, எவ்வளவு பேட்டரிக்கு, எவ்வளவு ஹைட்ரஜனுக்கு என்று பிரிப்பதுதான் இன்றைய உகப்பாக்க ஆராய்ச்சியின் வேலை. ஹைட்ரஜன் எடுக்கப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் இன்னொரு வழியும் காட்டியிருக்கிறது: ஒரு கிலோ உயிர்ப்பொருளிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன்.

2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ரசாயனக் கணக்கிலேயே 9 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது ஆண்டுக்கு 4.5 கோடி கன மீட்டர், சுமார் 1.6 டி.எம்.சி. சுத்திகரிப்பும் குளிர்விப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். நாடு முழுவதற்கும் பார்த்தால் இது பெரிய அளவு அல்ல. ஒரே ஆற்றின் தலையில் விழுந்தால் பெரிய அளவுதான்; கடலோரத்தில் உவர்நீரைச் சுத்திகரித்து எடுப்பதும் அதனால்தான் பேசப்படுகிறது.

ஆலைக்காரரின் செலவு குறைந்தால் உகந்த தீர்வு என்று கணினி சொல்லிவிடும். தங்கவயல் கரண்டும் அந்தக் கணக்கில் வெற்றிதான். அதில் விட்டுப்போனவை இரண்டு: கீழ்மடை விவசாயியின் தண்ணீர், லைன் வீட்டின் விளக்கு. முதலாவதற்காக நூறாண்டாக வழக்காடிக்கொண்டிருக்கிறோம். ஹைட்ரஜன் ஆலைக்கு இடம் பார்க்கும்போதே தண்ணீர் யாருடையது, வெளிச்சம் யாருக்கு என்ற இரண்டையும் சமன்பாட்டுக்குள் எழுதிவிட வேண்டும். ஆலை எழுந்த பிறகு அவற்றைச் சேர்க்க முடியாது. நீதிமன்றத்துக்குத்தான் போக முடியும்.